கிரீஸ் படாத கைக்கு டிப்ஸ் எவ்வளவு?

மின்சாரக் காரில் இன்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக் பேடுகூடச் சீக்கிரம் தேய்வதில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொண்டு, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

அப்படியானால் சர்வீஸுக்கு வீடு தேடி வரும் தம்பி என்னதான் செய்வார்? ஏசி ஃபில்டரை மாற்றுவார், டயரில் காற்றுப் பார்ப்பார், 12 வோல்ட் குட்டி பேட்டரியைச் சோதிப்பார். அது படுத்துவிட்டால், அடியில் இருக்கும் பல லட்ச ரூபாய் பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. பிறகு லேப்டாப்பைச் செருகிவிட்டுக் காத்து நிற்பார்.

தர்மசங்கடம் நமக்குத்தான். பழைய மெக்கானிக்கின் கை முழுக்க கிரீஸ் இருக்கும். பார்த்தவுடன் நம் கை தானாகப் பைக்குள் போகும். இவர் கையோ நம் கையைவிடச் சுத்தம். அழுக்குப் படாததெல்லாம் உழைப்பே இல்லை என்பதல்லவா நம் பொருளாதாரக் கொள்கை!

அவரே வழி சொல்கிறார்: "சார், கம்பெனியிலேருந்து போன் வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க." ஆகா! பைசா செலவில்லாமல் நாமும் வள்ளலாகிவிடுகிறோம்.

என் தீர்ப்பு இதுதான். பத்தும் போடுங்கள்; வெயிலில் குனிந்து டயர் கழற்றியிருந்தால் நூறும் கொடுங்கள். ஆனால் நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி. அந்தப் பொறுப்பை நம் நூறு ரூபாய் நோட்டின் தலையில் கட்டிவிட்டு அது நழுவக் கூடாது.