செயலாளர் அண்ணை

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் செயலாளரைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. காலை எட்டரை மணிக்குப் பிரதேச சபைப் பக்கமாகவோ பிரதேச செயலகப் பக்கமாகவோ போகும் றோட்டில் நின்றால் போதும். ஒரு பழைய லுமாலாச் சைக்கிள் வரும். கைபிடியில் ஒரு துணிப்பை தொங்கும். அந்தப் பை சுனாமிக்குப் பிறகு ஏதோ பயிற்சிப் பட்டறையில் கொடுத்தது. பட்டறை நடத்திய நிறுவனம் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது, பை போகவில்லை.

பைக்குள் கோவைகள், போட்டோக் கொப்பிகள், ஒரு மைப்பெட்டி, றபர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கொத்து முத்திரைகள். சனசமூக நிலையத்துக்கு அவர் செயலாளர். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர். கமக்காரர் அமைப்புக்குப் பொருளாளர், விளையாட்டுக் கழகத்துக்குப் போசகர், மரண உதவிச் சங்கத்துக்கும் ஏதோ ஒன்று. எந்தப் பதவியில் இருந்தாலும் ஊருக்கு அவர் செயலாளர்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முத்திரை மட்டும் பையில் இல்லை. அது வீட்டில், குசினி அலுமாரியில், மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பெறுவதுதான் இருப்பதற்குள் கடினமான காரியம் என்று அவரே சொல்வார்.

இத்தனை முத்திரை ஏன் என்று கேட்கக்கூடாது. சனசமூக நிலையம் ஒரு புத்தக அலுமாரிக்கு மானியம் கேட்டால் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சிபார்சும் இருப்பது நல்லது என்று யாரோ ஓர் உத்தியோகத்தர் எப்போதோ சொல்லிவிட்டார். எனவே நிலையச் செயலாளர் என்ற முறையில் அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். சங்கத் தலைவர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொள்கிறார். ஆராய்வதற்கு இரண்டு நாள் எடுக்கிறார். ஒருமுறை அதைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார், திகதி போடவில்லை என்று.

சிரிக்கலாம். ஆனால் இந்த மனிதர் இல்லையென்றால் அரச காசில் ஒரு சதமும் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்து சேராது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். அதைவிட 15 பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். சனசமூக நிலையத்துக்கான சிறு மானியத்துக்குப் பிரதேச சபை. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மாகாணத்தின் கிராம அபிவிருத்தித் திணைக்களம். கதிரை, ஒலிபெருக்கி, செத்தவீட்டுக்குச் சமைக்கக் கிடாரம் என்றால் நாடாளுமன்ற உறுப்பினரின் சிபார்சு, அதற்குப் பிறகு பிரதேச செயலகம். இந்தக் கடைசி வழிக்கு 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் என்று பெயர். இடையில் மூச்சு வாங்காமல் அதைச் சொல்லக்கூடியவர் ஊரில் அவர் ஒருவர்தான். அரசியல்வாதிகளே ‘டி.சி.பி.’ என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள்.

எந்தக் கதவு எந்த மாதம் திறக்கும், எந்த மேசையில் கோவை எத்தனை நாள் படுக்கும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் எந்தக் கிழமை வெளிக்களத்துக்குப் போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பஞ்சாங்கம் பார்த்துத்தான் எதையும் தொடங்குவார். ஆனால் செவ்வாய் தோஷத்தைவிட அவர் பயப்படுவது ‘சேர் லீவு’ என்ற வார்த்தைக்கு.

சபைகளை நம்பி இருந்திருந்தால் இந்தத் தொழில் எப்போதோ படுத்திருக்கும். பிரதேச சபைச் சட்டம் வந்தது 1987 இல். தெற்கில் 1991 இல் தேர்தல் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1998 வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தேர்தல் பெரும்பாலான பிரதேச சபைகளுக்கு 2011 இல்தான் வந்தது, பிறகு 2018 இல். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிய, நடக்கவிருந்த தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். 2025 மே 6 ஆம் திகதிதான் திரும்ப வாக்களித்தோம். நடுவில் வந்த வெற்றிடங்களிலெல்லாம் விசேட ஆணையாளர்களும் சபைச் செயலாளர்களும் கதிரையில் இருந்தார்கள். எங்கள் ஆளுக்கு அந்தக் காலங்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. “அங்கையும் செயலாளர், இங்கையும் செயலாளர். கதைக்கச் சுகம்” என்பார்.

தேர்தல் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று கட்சிக்காரர் அவர் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். வட்டாரத்தில் அவரைத் தெரியாத வீடில்லை. தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்வார்: “தம்பியவை, உறுப்பினர் எண்டால் நாலு வருசம். செயலாளர் எண்டால் சாகுமட்டும். நான் ஏன் இறங்குவான்?”

அவருடைய சாதனையைப் பார்க்க விரும்புகிறவர் ஓர் ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும். எந்த ஊர் ஒழுங்கை என்று கேட்காதீர்கள். வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் இதே ஒழுங்கைதான் வேறு வேறு பெயரில் கிடக்கிறது. வாசலில் தொடங்கும் முதல் துண்டு கொங்கிறீற், 2018 இல் வந்த கம்பெரலிய திட்டத்தில் போட்டது. அது வாத்தியார் வீட்டுப் படலையடியில் நிற்கும், ஏனென்றால் காசும் அங்கேதான் நின்றது. அடுத்த துண்டு 2020 இன் சப்ரிகமக திட்டத்தில் வந்தது. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு 20 இலட்சம் ரூபா என்று கொடுத்தார்கள். அதில் இந்த ஒழுங்கைக்கு விழுந்த பங்கு வைரவர் கோயில் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு சபை உறுப்பினர் தன் வட்டாரத்துக்குக் கிடைத்த தொகையில் கொட்டிய கிறவல். மூன்று துண்டும் மூன்று உயரம். அதனால் ஆட்சி மாறின இடத்தில் சைக்கிள் ஒருமுறை துள்ளும். பெயர்ப்பலகைகளோ மூன்று, ஒழுங்கையின் நீளத்தைப் பார்த்தால் பலகைகளைச் சரித்துப் போட்டே மிச்சத்தை மூடியிருக்கலாம்.

மிச்சம் என்றது கடைசி முப்பது மீற்றர். வெறும் மணல், மாரியில் குளம். அந்தக் குளத்துக்கு அப்பால் இருப்பது செயலாளரின் வீடு.

“உங்கடை வாசலிலை இருந்து தொடங்கியிருக்கலாமே அண்ணை?”

“தொடங்கியிருக்கலாம். பிறகு இந்த ஊரிலை இருக்கேலாது.”

அவர் சொல்வது சரிதான். வாசலுக்குக் கொங்கிறீற் போடாமலே அவர் ‘அடிச்சிட்டார்’ என்று கள்ளுக் கொட்டிலில் பேச்சு இருக்கிறது. எப்படி அடித்திருக்கலாம் என்பதைக் கணக்குப் பார்ப்போம். நிலையத்தின் புத்தக அலுமாரிக்கான மானியம் 30,000 ரூபா என்று வையுங்கள். விண்ணப்பத்தோடு பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் பிரதி, நிர்வாக சபை விபரம், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, விதானையாரின் கடிதம், மூன்று கடைகளின் கொட்டேசன் எல்லாம் வைக்க வேண்டும். மூன்றாவது கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு “மற்ற ரெண்டு பேரும் எவ்வளவு போட்டவை?” என்று கேட்பார். எல்லாவற்றிலும் மூன்று பிரதி. ஒன்று தொலைந்து போகும் என்பதால் அவர் நாலாவதும் எடுப்பார். அது தொலைந்துபோன ஆண்டுகளும் உண்டு. இதற்கு மேல் கந்தோருக்கு நடையாய் நடந்த நாள்கள், அந்த நாள்களில் தண்ணீர் மாறாத புகையிலைக் கன்று. இதையெல்லாம் கூட்டினால் அலுமாரியை அவரே வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம். இதை அவரிடம் சொன்னால் முகம் மாறும். படுத்திருக்கிற ஆள் அவரில்லை.

பெரிய வேலைகளில், மதகு, ஒழுங்கை, நிலையத்துக்குக் கூரை போன்றவற்றில், சங்கத்துக்கே ஒப்பந்தம் கொடுப்பார்கள். கொந்தராத்துக்காரரிடம் போகிற இலாபம் ஊரிலேயே நிற்கட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் வேலையை முடித்து, அளந்து, பில் போட்ட பிறகுதான் காசில் பெரும்பங்கு வரும். சீமெந்துக் கடைக்காரருக்கு இந்த நல்ல எண்ணம் விளங்குவதில்லை. அப்போதுதான் செயலாளரின் மனைவியின் சங்கிலி வங்கிக்குப் புறப்படும். கல்யாணத்தில் அதைக் கழுத்தில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அடைவுச் சீட்டில் கண்டவர்கள்தான் கூட. 2022 இல் சீமெந்து விலை மாதத்துக்கு மாதம் ஏறியபோது, எஸ்ரிமேற் போட்ட விலை வேறு, வாங்கின விலை வேறு. அந்த ஆண்டு சங்கிலியோடு காப்பும் போனது.

சரி, காசு எப்போது வரும்? நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒதுக்கீடு இறங்கி, பட்டியல் தயாராகி, அனுமதி வந்து கைக்கு எட்டும்போது பெரும்பாலும் புரட்டாதி கடந்துவிடும். டிசெம்பர் 31 க்குள் வேலை முடியாவிட்டால் காசு திரும்பிவிடும். இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் மழைக்காலம் என்று ஒன்று இருந்தால் அது ஒக்ரோபரில் இருந்து டிசெம்பர் வரைக்கும்தான். சித்திரையில் நிலம் பிளந்து கிடக்கும், மதகு கட்ட அதைவிட நல்ல காலம் இல்லை. அப்போது காசு கொழும்பில் இருக்கும். கார்த்திகையில் வெள்ளம் முழங்கால் மட்டும் நிற்கும்போது காசு வந்து இறங்கும். நாலு பேர் தறப்பாளை நாலு மூலையில் பிடிக்க, நடுவில் மேசன் கொங்கிறீற் போட, செயலாளர் குடையோடு நின்று படம் எடுப்பார். முன்னேற்ற அறிக்கைக்குப் படம் வேண்டும். படத்தில் எது மதகு எது வெள்ளம் என்று தெரியாது. பின்புறத்தில் எழுதிவிடுவார்.

திட்டங்களை வரைகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். யாழ்ப்பாணத்துக்கான நிதியாண்டைத் தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை கழித்துத் தொடங்கி ஆடியில் முடித்தால் பாதிச் சீமெந்து கடலுக்குப் போகாது. செயலாளர் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் கோவையில் போட்டிருக்கிறார்.

இந்தப் பாட்டையெல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த ரொறன்ரோ மருமகனுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊர்கள் பலவற்றுக்கு இப்போது கனடாவில் ஒரு சங்கம், லண்டனில் ஒரு சங்கம். பள்ளிக்கூட மண்டபமும் கோயில் தேரும் அவர்கள் காசில்தான் எழும்புகின்றன.

“மாமா, அலுமாரிக்கு எவ்வளவு? சொல்லுங்கோ, பின்னேரம் போட்டுவிடுறன்.”

“வேண்டாம் மோனை.”

“ஏன் மாமா? முப்பதினாயிரம் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு.”

“அதுதான் வேண்டாம் எண்டுறன். உது உன்ரை காசு. நீ தந்தால் நாங்கள் நன்றி சொல்லவேணும். இது நாங்கள் கட்டின சோலை வரி. சபைக்காரன் தந்துபோட்டு எங்களிட்டைக் கையெழுத்து வாங்கவேணும்.”

மருமகனுக்கு இது விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. போர்க்காலம் முழுக்க இந்த மண்ணில் அரசாங்கம் என்றால் பாஸ், பதிவு, விசாரணை என்றுதான் இருந்தது. ஒரு கந்தோருக்குள் போய், கதிரையில் இருந்து, ‘எங்கடை பங்கு எங்கை?’ என்று கேட்கக்கூடிய ஒரே சங்கதி இந்த மானியம்தான். அது மிகச் சின்னதாக இருப்பது வேறு விஷயம். கேட்கிறவரின் குரல் சின்னதாக இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளமில்லாமல் அரசாங்கத்தின் எழுதுவினைஞராக ஒருவரை ஆயுள் முழுக்க ஓடவிட்டுவிட்டு, அதற்கு ‘மக்கள் பங்களிப்பு’ என்று அறிக்கையில் எழுதுகிறார்களே, அந்தத் துணிச்சல் பெரியது.

அலுமாரி வந்துவிட்டால் திறப்புவிழா. பிரதம விருந்தினர் ஒருவர், சிறப்பு விருந்தினர் மூவர், கௌரவ விருந்தினர் பதினொருவர், மங்கல விளக்கு, மாலை, சோடா. பேச்சுகள் முடிய இரண்டரை மணித்தியாலம். அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்பதில் ஏற்பட்ட சண்டையால் இரண்டு பேர் வரவில்லை. வராதவர்களுக்கும் மாலை வாங்கியாகிவிட்டது. விழாச் செலவு அலுமாரியின் விலையை எட்டிப் பிடித்தது. அதற்கு மருமகனிடம் காசு வாங்கினார். விழாவுக்கு வாங்கலாம், அது மரியாதை என்றார்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வருடாந்தப் பொதுக்கூட்டம். அது நடக்காவிட்டால் சங்கத்தின் பதிவு ஆட்டம் காணும், மானியமும் இல்லை. ஞாயிறு பின்னேரம் நாலு மணி என்று அறிவித்தல் ஒட்டுவார். ஐந்து மணிக்கு அவரும் பொருளாளரும் ஒரு நாயும் இருப்பார்கள். ஐந்தேகாலுக்குக் கரப்பந்து விளையாடிக்கொண்டிருக்கும் பெடியளை ரோல்ஸ் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்து நிறைவெண்ணைச் சரிக்கட்டுவார். பிறகு எழும்பி, வருடாவருடம் சொல்வதைச் சொல்வார்: “எனக்கும் வயசு போகுது. இனி இளம் ஆக்கள் பொறுப்பெடுக்கவேணும்.”

வழமையில் இதற்குப் பதில் ரோல்ஸ் கடிக்கும் சத்தம்தான். இந்த முறை பின் வரிசையில் ஒரு பெடியன் எழும்பிவிட்டான். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருப்பவன். “நான் செய்யிறன் அண்ணை” என்றான்.

செயலாளர் அவனை மேசைக்குக் கூப்பிட்டார். பையை அவிழ்த்தார். முத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எது எந்தக் கந்தோருக்கு, எது நீல மை, எந்தக் கடிதம் யாரூடாக, எந்த சேரிடம் காலையில் போகக்கூடாது, எந்த மிஸ்ஸிடம் மத்தியானம் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். திரும்பாமல் இருக்கும் கோவைகளின் பட்டியலைக் காட்டினார். கடைசியாக அடைவுச் சீட்டையும் எடுத்து வைத்து, “இது டிசெம்பருக்குள்ளை மீட்கவேணும், உமக்கு மனுசி இல்லைத்தானே, அம்மாட்டைச் சங்கிலி இருக்கோ?” என்று கேட்டார்.

பெடியன் கொஞ்ச நேரம் முத்திரைகளைப் பார்த்தான். மேசையில் கூட்ட அறிக்கைப் புத்தகம் திறந்திருந்தது. திங்கட்கிழமை காலையே பிரதி கந்தோருக்குப் போகவேண்டும் என்பதால், செயலாளர் அன்று காலையிலேயே அறிக்கையை எழுதி முடித்திருந்தார். ‘செயலாளர் ஏகமனதாக மீண்டும் தெரிவு செய்யப்பட்டார்’ என்ற வரிக்குக் கீழே, முன்மொழிந்தவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பெடியன் பேனாவை வாங்கித் தன் பெயரை அதில் எழுதினான்.