கவுந்த படகும் கன்னத்துல கையும்

தம்பி, கெழவன் ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்க. ஒம் புள்ளையப் பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்க மட்டும் அனுப்பிடாத. அப்பால அவன் ஒம் பேச்சைக் கேக்க மாட்டான். காத்து இன்னா சொல்லுதுன்னுதான் கேப்பான்.

சாமை வெதைக்கிற ஜவ்வாது மலைக்காரனுக்குக் கடல் சங்கதி இன்னா தெரியும்னு நெனைக்காத. எங்க மலையில பேயிற மழைதான் செய்யாறா எறங்கி, பாலாத்துல கலந்து, கடலுக்குப் போவுது. அந்தத் தண்ணி பின்னாடியே நானும் ஒரு காலத்துல பொழைக்க எறங்குனவன். சென்னைத் துறைமுகத்துல, புள்ளைங்களுக்குப் படகு ஓட்டக் கத்துக்குடுக்கிற ஒரு எடத்துல, படகுங்களத் தண்ணியில தள்றதும் கரைக்கு இழுக்கறதும் எனக்கு வேலை. இப்போ ஜமுனாமரத்தூருக்குத் திரும்பி வந்து, இந்தக் கோலப்பன் ஏரிக்கரையில தேன் விக்கிறேன். பெடல் படகு ஏற வர்ற அப்பன்மாருங்க பேசுறதெல்லாம் காசில்லாம காதுல விழுது.

நீ ஒன் வூட்டம்மாகிட்ட அளந்ததையும் கேட்டேன். "நான்லாம் பத்து வயசுலயே ஹார்பர்ல செயிலிங் கத்துக்கிட்டவன்!" ரொம்ப சந்தோசம். அதே வாயாலதான் பையனுக்கும் சொன்ன: பெடல்ல கால் வெக்காத, ஓரமா குந்தாத, தண்ணியில கை வுடாத, அப்பா தோள வுடாத. பாவம், புள்ள ஏரியப் பாக்கவே இல்ல. ஒன் மொகத்தப் பாத்துகினே ஒரு சுத்து சுத்திட்டு எறங்கிட்டான். அதனால, ஒன் பழங்கதைய நீ முழுங்குன எடத்துலருந்து நான் எடுத்துச் சொல்றேன்.

ஒன்ன மொத நாள் ஒரு குட்டிப் படகுல குந்த வெச்சாங்களே, மூக்கு மழுங்குனது, அதுக்குப் பேரு ஆப்டிமிஸ்ட். நீளம் 2.3 மீட்டர், வெறும் படகு மட்டும் 35 கிலோ. 1947ல அமெரிக்காவுல, ஃபுளோரிடா பக்கம், படகு கட்டுற க்ளார்க் மில்ஸுன்னு ஒருத்தரு, செலவு கொறைவா இருக்கட்டும்னு ப்ளைவுட்டுப் பலகையில புள்ளைங்களுக்குன்னே செஞ்சது. 15 வயசு வரைக்கும் இருக்கிற புள்ளைங்க ஒலகம் பூரா இன்னிக்கும் அதுலதான் பந்தயம் ஓட்டுதுங்க. அதுல பெரிய விசேஷம் இன்னான்னா, அப்பனுக்கு எடம் கெடயாது. ஒரு புள்ள, ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு கயிறு. கோச்சுகூட வேற படகுல சுத்திகினுதான் கத்துவாரு. அதுலயும் பாதிய காத்து அடிச்சிகினு பூடும்.

மொதப் பாடம் ஞாபகம் கீதா? பயமா இருந்தா கயித்த வுட்டுடு. பாய்க்கயிறு கையவுட்டுப் போனா பாய் படபடன்னு அடிச்சிக்கும், காத்து வழுக்கிகினு ஓடிடும், படகு தானா நின்னுடும். பயத்துல இறுக்கிப் புடிச்சவந்தான் கவுறுவான். காசு கட்டிப் படிச்ச பாடத்த எங்க தொலைச்சிட்டு வந்த? பயம் வந்தா இப்போ இழுத்து இழுத்துல்ல புடிக்கிற!

ரெண்டாம் பாடம் கவுக்கறது. தானா கவுறல, கோச்சே கவுக்கச் சொல்லுவாரு. நல்லா இருக்கிற படகுல ஒரு பக்கமா எல்லாப் பாரத்தையும் குடுத்து, பாயோட தண்ணியில சாச்சிட்டு, புள்ள குதிக்கணும். லைஃப் ஜாக்கெட்டு இருக்கிறதால தலை மேல வந்துடும். அப்பால நீந்திச் சுத்திகினு படகோட வயித்துப் பக்கம் வரணும். நடுவுல செருகுன பலகை வெளிய நீட்டிகினு இருக்கும். அது மேல ஏறி, படகோட வெளிம்பைப் புடிச்சி, ஒடம்ப பின்னால சாச்சி இழுக்கணும். மொதல்ல அசையாது. அப்பறம் பாயிலருந்து தண்ணி வழியும், மரம் நெட்டுக்க நிக்கும், படகு நிமுந்துடும். நிமுந்தா மட்டும் போதுமா? உள்ள நெறைய தண்ணி. படகுல கயித்தால கட்டி வெச்ச, அடி அறுத்த பிளாஸ்டிக்குக் கேன் ஒண்ணு இருக்கும். அத எடுத்து அழுதுகினே எறைக்கணும். எத்தினி புள்ளைங்க மூக்கு ஒழுக எறைச்சதப் பாத்திருக்கேன்! தண்ணி கொறையக் கொறைய அழுகையும் கொறையும்.

கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வெக்காதன்னு பெரியவங்க சொல்லி வெச்சாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு அதச் சொல்லித் தரவே வேணாம். ஒரு கை படகுல, ஒரு கை கேன்ல. கன்னத்துக்கு ஏது கை? கன்னத்துல கை வெச்சிகினு நின்னவங்க எல்லாம் கரையில இருந்தாங்க. ஒருத்தர் கழுத்துல கார் சாவி, ஒருத்தர் கையில துண்டு. ஒரு சொட்டு தண்ணி படாமலே முழுகிப்போன சனம் அது.

மூணாம் பாடம்தான் எனக்குப் புடிச்சது. காத்து எந்தப் பக்கத்துலருந்து வருதோ அந்தப் பக்கமே நேராப் போவணும்னா எந்தப் பாய்மரப் படகாலயும் ஆவாது. காத்துக்கு ஏறக்கொறைய 45 டிகிரி சாச்சி இந்தப் பக்கம் கொஞ்சம், திருப்பி அந்தப் பக்கம் கொஞ்சம், அப்பிடித்தான் ஏறணும். டேக்குன்னு சொல்லுவாங்க. திருப்புற நேரத்துல பாய்க்கட்டை தலைக்கு மேல குறுக்கால வரும். குனிஞ்சவனுக்கு வழி, குனியாதவனுக்குப் புடைப்பு. கோச்சு இத விளக்கக் கரும்பலகையில கோடு போட்டாரு, புள்ளைங்க முழிச்சிதுங்க. நான் சிரிச்சிட்டேன். எங்க மலை ரோட்டுல கொண்டை ஊசி வளைவுல ஏறுற பஸ்ஸும் இதத்தான செய்யிது! எதுக்க நிக்கிறது மலையா இருந்தா இன்னா, காத்தா இருந்தா இன்னா, நேரா முட்டுனவன் எவனும் மேல வந்ததில்ல. நீ மட்டும் ஒம் பையன் ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஐஐடிக்கு நேரா போவணும்னு ஸ்கேல் வெச்சி கோடு போடுற.

இந்தப் பாய்மரச் சங்கதியெல்லாம் சென்னையில பழசு. 1911லயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப்ப ஆரம்பிச்சது, துறைமுகத்துக்குத் தலைவரா இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தொரைமாருங்க பொழுது போறதுக்கு ஓட்டுன பாய், இப்போ நம்ம புள்ளைங்க கோடை லீவுக்கு வந்துடுச்சி. நேத்ரா குமணனும் தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் நடத்துன கோடை முகாமுலதான் ஆரம்பிச்சவங்க. 2021ல ஓமன் கடல்ல ஓட்டி, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி வாங்குன மொத இந்தியப் பொண்ணு ஆனாங்க. அதே பந்தயத்துல தகுதி வாங்குன விஷ்ணு சரவணன் எங்க பக்கத்துக்காரரு, வேலூர்ல பொறந்தவரு. 2023ல ஹாங்சோ ஆசியப் போட்டியில வெண்கலம் வாங்குனாரு. நீ வர்ற வழியில வேலூர்ப் பாலாத்தப் பாத்திருப்பியே, வருசத்துல முக்காவாசி நாள் வெறும் மணலு. அந்த ஊர்ல பொறந்தவரு கடல்ல மெடல் வாங்கிட்டாரு. ஒம் புள்ளைக்கு நீச்சல்குளத்துல தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருந்தாலே நீ லீவு லெட்டர் எழுதுற.

சரி, இம்மாம் சொல்லியும் அனுப்பித்தான் தீருவேன்னா, கெழவன் சொல்றத முடிச்சிப் போட்டு வெச்சிக்க. மொதல்ல நீச்சல் கத்துக்குடு. ஜாக்கெட்ட நல்லா இறுக்கிக் கட்டு, அப்பறம் வாயையும் கட்டிக்க. வெயில் ஏறுனதும் காத்து மாறி கடல் பக்கத்துலருந்து உள்ள அடிக்கும். அந்த நேரத்துல படகெல்லாம் சாயும், நீ கரையில நின்னு கையாட்டாத. நீ ஆட்டுறதப் பாத்துகினு அவன் காத்தப் பாக்காம வுட்டுடுவான். பத்துப் படகுல ஒம் புள்ள கடைசியா வந்தாலும் கோச்சுகிட்ட போய் வாதாடாத. காத்துக்கு ரெக்கமண்டேஷன் கெடயாது.

இன்னொண்ணு. மொத தரம் கவுந்து எழுந்து வந்த அன்னிக்கி, பையன் துண்டப் போத்திகினு கார்ல குந்துவான். எப்பிடிடா இருந்துச்சின்னு நீ கேப்ப. "தண்ணி உப்பு"ன்னு மட்டும் சொல்லுவான். அதுக்கு மேல நோண்டாத. நோண்டுனா, பயமே இல்லப்பான்னு ஒரு பொய்ய எடுத்து வுடுவான். நீயும் ஒங்கப்பன்கிட்ட அதத்தான தம்பி சொன்ன?