'நாட்' என்னும் சிறுசொல்லின் ஆட்சி எல்லை: ஓர் ஆய்வேட்டுச் சுருக்கம்

ஆய்வின் தேவை

மறுப்பதற்கு வழியில்லாத மொழி இல்லை. ஆங்கிலத்திலும் வழி உண்டு; ஆனால் மறுப்பை வெறுங்கையோடு அனுப்ப ஆங்கிலேயர் கூசுகிறார்கள். படம் பிடித்ததா என்று கேட்டால் 'நோ' என்று சொல்லி முடிப்பதில்லை. 'நாட் ரியலி' என்கிறார்கள். வேலை முடிந்ததா என்றால் 'நாட் யெட்'. நான் சொல்வது சரிதானே என்றால் 'நாட் எக்ஸாக்ட்லி'. ஒரு வினையடையோ முன்னிடைச்சொல்லோ எப்போதும் துணைக்கு வருகிறது. இத்துணைகள் மறுப்பைத் தாங்கிப் பிடிக்கின்றனவா, காலை வாருகின்றனவா என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வந்து சேர்வதால், நின்று வேடிக்கை காட்ட அதற்கு இடம் குறைவு. ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முந்தைய ஆய்வுகள்

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர், 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரையில் தம் போர்வீரரின் நாவடக்கத்தைச் சொல்லும்போது மறுப்பின்மேல் மறுப்பாக அடுக்கினார். அடுக்க அடுக்க மறுப்பு வலுத்ததே தவிர, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லோத், இரண்டு மறுப்புகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடு ஆகிவிடும் என்று விதித்தார். தெருவில் பேசுவோர் அதை இன்றுவரை பொருட்படுத்தவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ யெஸ்பர்சன் 1917இல் மறுப்பின் பணிப்பதிவேட்டையே புரட்டினார். பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்ற ஒற்றை அசை வினைக்கு முன்னால் நின்று மறுத்தது. அதன் குரல் தேய்ந்தபோது, 'ஒன்றுமே' என்ற பொருளுள்ள சொல்லொன்றை வினைக்குப் பின்னால் உதவிக்கு அமர்த்தினார்கள். காலப்போக்கில் 'நெ' ஓய்வு பெற்றது. உதவியாளரே நாற்காலியில் அமர்ந்தார். அவர்தான் இன்றைய 'நாட்'. இப்போது அவரும் தேய்ந்து, 'டோன்ட்', 'கான்ட்' ஆகியவற்றின் வாலில் தொங்குகிறார். மறுப்புக்குத் துணை தேடும் வழக்கம் பரம்பரை வழக்கம் என்பது இதனால் பெறப்படுகிறது.

கருதுகோள்

'நாட்' ஒரு காவல் நிலையம் போன்றது. தனக்கு வலப்பக்கம் உள்ளவையே அதன் எல்லை. இடப்பக்கம் நிற்பவர் குறித்து எத்தனை புகார் கொடுத்தாலும், "அது எங்க லிமிட்ல வராதுங்க" என்று கைவிரித்துவிடும்.

வினையடைச் சோதனைகள்

'ஐ ரியலி டோன்ட் லைக் இட்.' இங்கே 'ரியலி' எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு நடவடிக்கையை முடுக்கிவிடுகிறது. பொருள்: அறவே பிடிக்கவில்லை. 'ஐ டோன்ட் ரியலி லைக் இட்.' இங்கே 'ரியலி' உள்ளே சிக்கிக்கொண்டது. அதைப் பிடித்த திருப்தியில் நிலையம் 'லைக்' மீது கடுமை காட்டுவதில்லை. பொருள்: அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டிலும் சொற்கள் அவையேதான். இடம் மாறியதும் பகை வெறும் மனக்குறையாக இளகிவிட்டது.

'ஸ்டில்', 'யெட்' இரண்டும் இன்னும் சுவையானவை. 'ஹி ஸ்டில் ஹேசன்ட் பெய்ட்' என்பது கடன் கொடுத்தவர் வாக்கியம். 'ஐ ஹேவன்ட் பெய்ட் யெட்' என்பது வாங்கியவர் வாக்கியம். பணம் வரவில்லை என்ற நிகழ்வு ஒன்றுதான். வெளியே நிற்கும் 'ஸ்டில்' பல்லைக் கடிக்கிறது. உள்ளே இருக்கும் 'யெட்' நாளைக்குத் தருவதாகச் சத்தியம் செய்கிறது.

கருதுகோளுக்கு அடங்காத சொல் 'ஹாஃப்'. 'நாட் ஹாஃப் ஏஸ் குட்' என்றால் பாதிகூடத் தேறாது. ஆனால் பிரிட்டனில் 'நாட் ஹாஃப் பேட்' என்றால் நன்றாகவே இருக்கிறது. 'டீ வேண்டுமா?' என்பதற்கு ஒருவர் 'நாட் ஹாஃப்!' என்றால் பாதிக் கோப்பை நீட்டக் கூடாது. அது 'பின்னே வேண்டாமா!' என்பதற்கு நிகர். இச்சொல்லை ஆய்வாளர் மேலதிகாரிகளின் பார்வைக்கு அனுப்பியுள்ளார்.

முன்னிடைச்சொல் சோதனைகள்

'அட் நோ டைம்', 'இன் நோ டைம்' இரண்டிலும் நேரம் மறுக்கப்படுகிறது. முன்னது ஒருபோதும் நடக்கவில்லை என்கிறது; பின்னது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது என்கிறது. காரணம் சட்டபூர்வமானது. 'அட்' கதவைத் திறந்துவிடுவதால் மறுப்பு வெளியேறி வாக்கியம் முழுவதையும் பிடிக்கிறது. அந்தக் களேபரத்தில் எழுவாயும் துணைவினையும் இடம் மாறிவிடுகின்றன: 'அட் நோ டைம் டிட் ஹி கம்ப்ளெய்ன்'. 'இன்' கதவைச் சாத்திவிடுகிறது. மறுப்பு உள்ளேயே கிடக்க, வாக்கியம் கலையாமல் நடந்து போகிறது: 'இன் நோ டைம் ஹி கம்ப்ளெய்ன்ட்'.

அடுத்தது 'பட்'. 'நத்திங் பட் எ ஃபூல்' என்றால் ஆள் முட்டாளேதான். 'எனிதிங் பட் எ ஃபூல்' என்றால் அவர் முட்டாளைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கலாம். மறுப்புச் சொல் உள்ள தொடர் ஆளைச் சிக்கவைக்கிறது; மறுப்புச் சொல்லே இல்லாத தொடர் விடுவிக்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுதுவோர் இவ்விடத்தை இருமுறை படிக்கவும்.

'நாட் அட் ஆல்' கேள்வியைப் பொறுத்து வேடம் மாற்றும். களைப்பா என்ற கேள்விக்கு அது முழு மறுப்பு. நன்றி சொன்னால் 'இதற்கெல்லாம் எதற்கு' என்ற உபசாரம். ஜன்னலைத் திறந்தால் ஆட்சேபமா என்று கேட்டால், அது 'திறங்கள்' என்ற அனுமதி.

இரட்டை மறுப்புச் சோதனை

நூல் விமர்சகர் ஒருவர் எழுத்தாளரை 'நாட் வித்தவுட் டேலன்ட்' என்கிறார். லோத் கணக்குப்படி இரண்டு மறுப்பும் கழிந்து, திறமை முழுசாகக் கைக்கு வர வேண்டும். ஆனால் இதைக் கேட்டு மகிழ்ந்த எழுத்தாளர் எங்கும் தட்டுப்படவில்லை. கழித்தலில் ஏதோ சேதாரம் போகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'நாட் அன்' என்ற வழக்கத்தால் எரிச்சலடைந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946இல் எழுதிய கட்டுரையில், நாய், முயல், புல்வெளி மூன்றையும் அவ்வாறே வருணிக்கும் கேலி வாக்கியம் ஒன்றை மருந்தாக மனப்பாடம் செய்யச் சொன்னார். மருந்து உள்ளே போயும் நோய் போகவில்லை.

கண்டறிந்த முடிவு

துணையில்லாத 'நாட்' எங்கே வாழ்கிறது? அறிவிப்புப் பலகையில். 'டு நாட் டச்', 'டு நாட் என்டர்' என்பவற்றில் 'ரியலி'யும் இல்லை, 'யெட்'டும் இல்லை. பலகைக்கு யாருடைய முகத்திலும் விழிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. எதிரே ஒரு முகம் வந்தவுடன்தான் மறுப்புக்கு வினையடை முளைக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை வெறும் 'நோ'வை வைத்துக்கொண்டே வீட்டை ஆள்கிறது. அதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆகவே இச்சிறுசொற்கள் இலக்கணத்தின் வேலையோடு கூட்டுக்குடித்தனத்தின் வேலையையும் பார்க்கின்றன என்பது வெள்ளிடைமலை.

பரிந்துரை

ஆங்கிலம் கற்போர் 'நாட்' காதில் விழுந்தவுடன் முகம் வாட வேண்டியதில்லை. அடுத்த சொல் வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். அடுத்த சொல் வரவேயில்லை என்றால் மட்டும் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.