அடுத்த கொரோனாவில் லேடி டாக்டரை வைத்து வேலை வாங்குவது எப்படி?

திருப்பதியில் பெண்களுக்கென்றே 2014-ல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிதான், 2020-ல் ஆந்திராவின் மாநிலக் கொரோனா மருத்துவமனைகளில் ஒன்று. ஆக, ஆபத்தான வார்டைப் பெண்களிடம் ஒப்படைக்கலாமா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். தாராளமாக ஒப்படைக்கலாம். யோசனையெல்லாம் மற்ற விஷயங்களுக்கு.

பிபிஇ கிட் வாங்கும்போது ஆறடி ஆளுக்கு அளவெடுங்கள். ஐந்தடிப் பெண் அந்த உடையின் கையை நாலு மடிப்பு மடித்து, மணிக்கட்டில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வாள். ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. மாதவிலக்கா? அது அவள் சொந்த விஷயம், டெண்டரில் வராது.

தடுப்பூசியில்தான் உங்கள் சாமர்த்தியம் தெரிய வேண்டும். 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல் ஊசி என்று நாடே பெருமைப்பட்டது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் டாக்டரும் கர்ப்பிணி டாக்டரும் மட்டும் வரிசையை விட்டு விலக வேண்டியிருந்தது. ஆராய்ச்சித் தரவு போதாதாம். பால் கொடுப்பவருக்கு அனுமதி வந்தது மே 19-ல், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ல். நடுவே இரண்டாவது அலை ஊரையே புரட்டிப் போட்டது. ஊசி போடத்தான் தரவு வேண்டும். டியூட்டி போட ஒரு பேனா போதும்.

வீட்டாருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழுமலையான் கோயிலிலேயே 2020 மார்ச் 20 முதல் ஜூன் வரை பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தினார்கள். அடுப்படிக்கு அப்படியெல்லாம் லீவு விட்டுவிடாதீர்கள். மகனும் மருமகளும் டாக்டர்களாக இருந்தால் இன்னும் சுலபம். நைட் டியூட்டி முடித்து வரும் மகனைப் பார்த்து, "பாவம், இளைச்சுப் போயிட்டான்" என்று கண் கலங்குங்கள். பின்னாலேயே வருபவளிடம், "குளிச்சிட்டு வாம்மா, குழந்தைக்கு ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சிடும்" என்று நினைவூட்டுங்கள். அவள் தனிமையில் அடைபட்டால் போன் இருக்கிறது. கடுகு டப்பா எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம்.

நோயாளியின் உறவினர்களே, அரை மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னவரிடம், "சரி சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்று மறக்காமல் கேளுங்கள்.

எல்லாம் அடங்கியதும் பாராட்டு விழா. மேடையில் ஆண்கள், குத்துவிளக்கருகே பெண்கள். மாலை ஏழு மணிக்கு வையுங்கள், பாதிப் பேர் வர மாட்டார்கள். சால்வை மிச்சம்.