வீட்டுக்காரருக்கே அனுமதி இல்லை

1999-ல் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர், சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அண்ணன் பூட்டியது. விண்டோஸ் 98. ஆன் செய்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதும், உள்ளே விட்டுவிடும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்-32 முறையில் அமைந்திருந்தது. ஒரு ஃபைலின் பெயர், அளவு, தேதி எல்லாம் அதில் பதிவாகும். அந்த ஃபைல் யாருடையது என்று பதிய இடமே கிடையாது.

அதனால் கோடை விடுமுறைக்கு வந்த அத்தை மகனுக்கும் அப்பாவுக்கும் அந்தப் பெட்டியில் ஒரே அதிகாரம். விளையாட்டு ஏற்ற இடம் போதவில்லை என்று அவன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் புகுந்து எதையோ அழித்தான். மறுநாள் மெஷின் எழவில்லை. அண்ணன் டிஸ்கைத் துடைத்து, சிடியைப் போட்டு முதலிலிருந்து ஏற்றினான். அப்பா தட்டி வைத்திருந்த குலதெய்வக் கோயில் வரவு செலவு அதோடு போயிற்று. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத அந்தக் காலத்தைப் பலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை.

2001-ல் எக்ஸ்பி வந்தது. அலுவலகங்களுக்காக 1993-லேயே வெளியான விண்டோஸ் என்டி-யின் வழியில் வந்தது அது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர், யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று ஒரு பட்டியல், எல்லாம் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தன. ஆனால் வீட்டில் முதன்முதலாக உருவாக்கும் கணக்குகள் எல்லாமே அட்மினிஸ்ட்ரேட்டர். பாஸ்வேர்டுகூட வைக்காமல் ஓட்டினோம். பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர் படம் போட்ட ஒரு ஃபைல் ஒட்டிக்கொண்டு வரும். ஃபோல்டர்தான் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே வைரஸ். திறந்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதால் அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். டாஸ்க் மேனேஜரை முடக்கும், ரெஜிஸ்ட்ரியைத் திறக்க விடாது, விண்டோஸ் ஃபோல்டரிலேயே போய் உட்காரும்.

2007-ல் விஸ்டாவோடு அந்தக் கேள்விப் பெட்டி வந்தது. திரை மங்கும், 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும். எல்லோரும் எரிச்சல்பட்டார்கள். உள்ளே நடந்த மாற்றம் பெரியது. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்தவருக்கும் இரண்டு டோக்கன்கள்: ஒன்று சாதாரணம், மற்றது முழு அதிகாரம். அவர் சம்மதம் சொல்லும்வரை சாதாரண டோக்கன்தான் புழக்கத்தில் இருக்கும். வைரஸுக்குக் கிடைப்பதும் அதுதான். விண்டோஸோடு சேர்ந்தே வரும், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றே பெயர்கொண்ட கணக்கை முடக்கிவைத்தார்கள். விண்டோஸின் முக்கிய ஃபைல்களுக்கு 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' உரிமையாளர் ஆனது. அத்தை மகன் அன்று செய்ததை இன்று அட்மினிஸ்ட்ரேட்டரே நேரடியாகச் செய்ய முடியாது.

அப்பா போன பிறகு அவருடைய லேப்டாப்பும் பழுதானது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு என் மெஷினில் செருகினோம். அப்பாவின் பெயரிலிருந்த ஃபோல்டரைத் திறந்தால், இதைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை என்று வந்தது. அண்ணனுக்குக் கோபம். "ஏன்டா, அப்பா எழுதி வெச்சதைப் பாக்க நமக்கே பர்மிஷன் இல்லையா?"

கம்ப்யூட்டர் ஆளைப் பெயரால் அறிவதில்லை. கணக்கை உருவாக்கும்போதே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றைக் கொடுத்துவிடும். ஃபைல் மீது எழுதப்படுவது அந்த எண். என் மெஷினில் அப்பா பெயரிலேயே இன்னொரு கணக்கைத் திறந்தாலும் எண் வேறு, ஆள் வேறு. இறந்தவர் பெயரிலேயே பட்டா நிற்கிற நிலம் மாதிரிதான்: வாரிசு நாம் என்றாலும் பெயர் மாற்றம் செய்தாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு உரிமையை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் உண்டு. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால் உரிமையாளர் பெயருக்கு எதிரே 'சேஞ்ச்' இருக்கும். நம் பெயரைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தும்படி டிக் செய்ய வேண்டும். உரிமை வந்துவிட்டதாலேயே படிக்கும் அனுமதி வந்துவிடாது. பலர் திகைத்து நிற்பது இங்கேதான். மறுபடி அதே இடத்தில் நம் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' தர வேண்டும். கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு முதல் வேலைக்கு 'டேக்ஓன்', இரண்டாவதற்கு 'ஐகேக்ல்ஸ்'. விண்டோஸ் மூலமாகவே ஃபைலைக் குறியாக்கம் செய்திருந்தால் மட்டும் இது உதவாது. பழைய கணக்கின் சான்றிதழ்ச் சாவி வேண்டும். அப்பா அப்படிச் செய்திருக்கவில்லை. 1999-க்குப் பிந்தைய கோயில் கணக்கு முழுவதும் கிடைத்தது.

இந்த வித்தை கைவந்ததும் சிலர் சி டிரைவ் முழுவதற்கும் 'எவ்ரிஒன்' என்று போட்டு எல்லா அனுமதியையும் திறந்துவிடுகிறார்கள். கேள்விப் பெட்டியையும் அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரின் அனுமதிகளைப் பழையபடி வைப்பது மிகக் கடினம். பெரும்பாலும் மறுபடி எல்லாவற்றையும் ஏற்றவேண்டி வரும். மறுக்கப்பட்ட ஃபோல்டர் எதுவோ அதை மட்டும் தொடுங்கள்.

அத்தை வீட்டில் வேறு சிக்கல். கேள்விப் பெட்டி வரும், அதில் 'யெஸ்' பட்டனே அழுத்த முடியாமல் மங்கியிருக்கும். இருந்த ஒரே கணக்கை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டிருந்தார்கள்; சம்மதம் சொல்லத் தகுதியுள்ளவர் அந்த மெஷினில் எவரும் இல்லை. ஃபைல்களை வெளியே எடுத்துவைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். அன்றிலிருந்து எந்த வீட்டு மெஷினிலும் இரண்டு கணக்கு வைக்கிறேன்: தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு, தனியாக ஓர் அட்மினிஸ்ட்ரேட்டர். அதன் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் அப்படித்தான் அமைத்திருக்கிறேன். திரை மங்கினால் அம்மா போன் செய்வார். நான் கேட்பது ஒன்றுதான்: "இப்ப நீங்களா எதையாவது ஏத்தச் சொன்னீங்களாம்மா?" இல்லை என்றால் 'நோ'.