தொடலாமா, விடலாமா?

கேள்வி: என் ஆட்டோமேடிக் கார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் ஆயிலை மாற்றியதே இல்லை. "இத்தனை வருஷம் தொடாததை இப்போது தொட்டால் கியர்பாக்ஸ் காலி" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: எண்ணெய் ஊட்டாத தோல் அட்டையாகிவிடும் என்று ஊருக்கே தெரிந்த, தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! மெக்கானிக் பயத்திலும் நியாயம் உண்டு. கிளட்ச் தகடுகள் தேய்ந்த துகள்தான் பழைய ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்பைத் தருகிறது என்பார்கள். ஆனால் பல வண்டிகளில் ஆயில் மாற்றியதால் கியர்பாக்ஸ் போவதில்லை. அது போகப்போகும்போதுதான் நமக்கு ஆயில் ஞாபகமே வருகிறது.

ஒழுங்காக கியர் விழுகிறதா? மாற்றுங்கள். மெஷின் வைத்து அடித்துக் கழுவ வேண்டாம். நட்டைக் கழற்றி வடியவிட்டு, வடிந்த அளவுக்கு மட்டும் கம்பெனி சொன்ன ரக ஆயிலை ஊற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டரில் பழையது மிச்சம் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. ஃபில்டரையும் பாருங்கள். ஆயிலில் தீய்ந்த வாடை, இன்ஜின் மட்டும் அலறி வண்டி நகராத நிலை என்றால் ஆயில் செலவு வீண். ஓவர்ஹாலுக்குப் பணம் சேருங்கள்.

"ஆயுள் முழுக்கப் போதும்" என்று கம்பெனி எழுதியிருந்தால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பெரும்பாலும் வாரண்டியின் ஆயுள்தான்.

ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றும் டாடா ஏஸ் மாதிரி மேனுவல் வண்டிக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. மாற்றிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பலாம்.