அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

முதல் செமஸ்டர் பைத்தான் லேபில் உன்னுடையதைப் போல ஒரு ரெக்கார்டு நோட்டை நான் பார்த்ததில்லை, தம்பி. எய்ம், அல்காரிதம், அவுட்புட், ரிசல்ட் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடிட்டவை. ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது. மெஷினை ஆன் செய்யும் முன்பே அவுட்புட்டை எழுதி முடித்து, ‘புரோகிராம் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது’ என்று கடைசி வரியையும் போட்டுவிடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்!

நினைவாற்றலும் அப்படித்தான். எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1883-இல் உலகுக்குக் கொடுத்த, தட்டுகளைக் கம்பம் விட்டுக் கம்பம் மாற்றும் ஹனாய் கோபுரப் புதிருக்கான புரோகிராமை ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல் ஒப்பித்தாய். மூன்று தட்டுகளுக்கு எத்தனை நகர்த்தல் என்று வைவாவில் கேட்டதும் 7 என்று பட்டென்று வந்தது பதில். நான்கு தட்டுக்கு என்றதும், “அது நோட்ஸ்ல இல்ல மேடம்” என்று பணிவாகச் சொன்னாய். மேலே இருக்கும் மூன்றை நடுக்கம்பத்துக்கு மாற்ற ஒரு 7, அடித்தட்டுக்கு 1, அந்த மூன்றையும் அதன்மேல் கொண்டுவர இன்னொரு 7, ஆக 15 என்று தாளில் வட்டம் போட்டுப் பார்க்கிறவர்களின் கூட்டத்தில் உன்னைச் சேர்க்க முடியுமா?

எரர் வந்தால் உனக்கு இருக்கும் நிதானம் எனக்கே கிடையாது. எந்த வரியில் தவறு என்று பைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, ஒரு மாறியின் பெயரில் எழுத்துப் பிசகினால் ‘இதைத்தானே சொல்ல வந்தாய்’ என்று சரியான பெயரையே எடுத்துக் கொடுக்கிறது. நீ அதில் ஒரு சொல்லையும் படிக்காமல் கையைத் தூக்கி, “மேடம், வரல” என்பாய். நான் வருவதற்குள் பக்கத்து மெஷின் நண்பனிடமிருந்து பென் டிரைவில் புரோகிராம் வந்துவிடும். அவன் பெயரை பிரிண்ட் செய்யும் வரியைக்கூட மாற்றாமல் அப்படியே ஓடவிட்டாய். நண்பனின் உழைப்பை மறைக்காத நேர்மை அது.

உன் பின்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய ரஃப் நோட்டில் அட்டையே இல்லை. ரேஞ்ச் 1, 5 என்று கொடுத்தால் 5 ஏன் வரவில்லை என்று ஐ-யின் மதிப்பை ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டம் போட்டு எழுதி, அடித்து, 5-ஐ 6 ஆக்கி, வேண்டுமென்றே 0 ஆக்கி, எதுவும் அச்சாகாமல் போனதைப் பார்த்து, அதையும் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரம் போனது, நான்கு வரி புரோகிராமுக்கு. நீ அதற்குள் மூன்று எக்ஸ்பெரிமென்ட் முடித்துவிட்டாய். அவள் நோட்டை எக்ஸ்டர்னல் கையில் கொடுக்க முடியுமா, சொல்.

உன் நோட்டில் எல்லாப் பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரெக்கார்டுக்குப் பத்துக்குப் பத்து. பிராக்டிகல் அன்று லாட் எடுக்கும்போது ஹனாய் கோபுரமே உன் கைக்கு வரட்டும். மூன்று தட்டோடு வரட்டும்.